பன்னிரண்டு டிகிரிப் பாதாளம்

பாருக்குப் பின்னால், பியர் ஊற்றிக் கொடுக்கிறவர்கள் நடமாடும் அந்த மூன்றடி இடத்தில், அவர்கள் காலடியிலேயே ஒரு கதவு இருக்கிறது. இந்தப் பக்கம் நின்று கிளாஸ் வாங்குகிற நமக்கு அது கண்ணில் படாது. இரும்பு வளையத்தைப் பிடித்துத் தூக்கினால் செங்குத்தாக இறங்கும் மரப்படிகள். கீழேயிருந்து முகத்தில் வந்து மோதும் காற்றில் ஈரச் செங்கல், ஈஸ்ட், லேசாகப் பழ வாசனை. "தலை பத்திரம், உத்தரம் தாழ்வா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே கடையின் நிலவறைப் பொறுப்பாளர் கிடுகிடுவென்று இறங்கிவிட்டார். லண்டன் பப்புகளின் கைப்பம்பை எத்தனையோ மாலைகளில் வாய் பிளந்து பார்த்தவன் நான். அந்தப் பம்பின் மறுமுனை எங்கே போய் முடிகிறது என்று காட்டுகிறேன், வாங்க என்று ஒருவர் கூப்பிட்டால் யாருக்குத்தான் கால் தரையில் நிற்கும்!

கடை இருப்பது கிழக்கு லண்டனில், ஹாக்னியில். இரண்டு தெருக்கள் வந்து முட்டும் முக்கு. விக்டோரியா காலத்தில் லண்டன் தெருத்தெருவாக விரிந்தபோது பப் கட்டுகிறவர்கள் ஆசைப்பட்டுப் பிடித்தது இந்த மாதிரி முக்கு மனைகளைத்தான். இரண்டு தெருவிலிருந்தும் விளக்கு வெளிச்சம் தெரியும். இரண்டு பக்கமும் கதவு வைக்கலாம். ஒரு கதவு வேலையாட்கள் நின்று குடிக்கும் பப்ளிக் பாருக்கு. இன்னொன்று மெத்தை இருக்கையும் கம்பளமும் போட்ட சலூன் பாருக்கு. அங்கே அதே பியருக்கு விலை கூடுதல். நடுவில் இருந்த தடுப்புகளைப் பெரும்பாலான கடைகளில் பிற்பாடு இடித்துவிட்டார்கள். இங்கேயும் அப்படித்தான். ஆனால் தரையைக் குனிந்து பாருங்கள், தடுப்பு நின்ற கோடு அப்படியே இருக்கிறது. கோட்டுக்கு ஒரு பக்கம் பலகை தேய்ந்து குழி விழுந்து வழவழவென்று மின்னுகிறது. மறுபக்கம் ஆணித்தலைகூட முழுசாக இருக்கிறது. யார் எங்கே நின்றார்கள் என்று மரமே சொல்கிறது. எனக்கு அந்த இடத்தை விட்டு நகர மனசு வரவில்லை.

வெளிச்சுவரில் கரும்பச்சை ஓடு. அதில் ட்ரூமன் என்று பொன்னெழுத்து. பிரிக் லேனில் இருந்த ட்ரூமன் ப்ரூவரி 1989இல் மூடப்பட்டது. கிழக்கு லண்டன் முக்குகளில் அந்தப் பெயர் இன்னும் ஓட்டிலும் கண்ணாடியிலும் நிற்கிறது. உள்ளே இருக்கிற கூட்டமோ முற்றிலும் இந்தக் காலத்துக் கூட்டம். சைக்கிள் ஹெல்மெட்டை மேசையில் வைத்துவிட்டு லேப்டாப்பை மூடும் டிசைனர்கள், தள்ளுவண்டியில் தூங்கும் குழந்தையோடு ஒரு ஜோடி, ஜன்னலோரம் தனியாக நாவல் படிக்கும் ஒரு பெண், குதிரைப் பந்தயப் பக்கத்தில் பேனாவால் கோடு போடும் கிழவர். அவர் காலடியில் ஒரு நாய், அதற்கென்று தனியாகத் தண்ணீர்க் கிண்ணம்.

சரி, பாதாளத்துக்கு வருவோம். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

அறை பத்துக்குப் பதினைந்தடி இருக்கும். செங்கல் சுவருக்கு வெள்ளை அடித்திருக்கிறார்கள். சுவரோரம் நீளமான மரச்சட்டம், அதன்மேல் வரிசையாகப் படுத்திருக்கும் பீப்பாய்கள். ஸ்டீல் பீப்பாய்தான். மரப்பீப்பாய் இப்போது அபூர்வம். ஒவ்வொன்றுக்கும் மூன்று ஆப்புகள் செருகி அசையாமல் நிறுத்தியிருக்கிறார்கள். வட்ட முகப்பில் சாக்பீஸால் எழுத்து: என்ன பியர், எப்போது வந்தது, எப்போது காற்று விட்டது, எப்போது குழாய் அடித்தது. சுவரில் ஒரு தெர்மாமீட்டர், பக்கத்திலேயே காலையும் மாலையும் குறித்த நோட்டு. 12 டிகிரி. 11க்குக் கீழே போகக் கூடாது, 13ஐத் தாண்டக் கூடாது. மூலையில் சிவப்பாக ஒரு சின்ன விளக்கு. பியர் வெளிவிடும் கார்பன் டை ஆக்ஸைடு காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகத் தேங்கிவிடும். அளவு மீறினால் அந்த விளக்கு அலறும். "அது அலறினா பேசிட்டு நிக்காதீங்க, நேரா மேல ஓடுங்க" என்றார். தலையாட்டினேன். என் கண்ணெல்லாம் பீப்பாய்மேல்.

சாதாரண பீப்பாய்க்கு இங்கே ஃபர்கின் என்று பெயர். 9 கேலன், அதாவது சுமார் 41 லிட்டர், 72 பைன்ட். நிரம்பியிருந்தால் ஐம்பது கிலோவை ஒட்டி வரும். இதை அந்தப் படிகளில் தூக்கி வர முடியாது. நடைபாதையில், தெருவில் போகிறவர்கள் மிதித்துக்கொண்டு போகும் இடத்தில் இரட்டைக் கதவு ஒன்று இருக்கிறது. லாரி வந்ததும் அதைத் திறந்து, சாய்த்த கட்டையில் கயிறு கட்டி இறக்குவார்கள். கீழே ஒரு தடித்த மெத்தை காத்திருக்கும். தொம்மென்று அதில் விழுந்து உருண்டு நிற்கும். லண்டனில் நடக்கிறவர்கள் பாதிப் பேருக்குத் தாங்கள் பியரின் தலைமேல் நடக்கிறோம் என்று தெரிந்திருக்காது.

அப்படி வந்து இறங்கும்போது அது முடிந்த பியர் அல்ல. இதைத்தான் எல்லாருக்கும் கூவிச் சொல்ல வேண்டும்போல் இருக்கிறது. பாட்டிலிலும், கெக் என்ற மூடிய உலோகக் கலத்திலும் வரும் பியரை ப்ரூவரியிலேயே முடித்து அனுப்பிவிடுகிறார்கள். பெரும்பாலும் வடிகட்டி, சூடுகாட்டி, ஈஸ்டை அகற்றி, வாயுவை ஏற்றி மூடிவிடுவார்கள். பப்பில் செய்ய வேண்டியது திருகி ஊற்றுவதுதான். பீப்பாய் ஏல் அப்படியில்லை. உள்ளே உயிருள்ள ஈஸ்ட் இருக்கிறது, அது தின்னக் கொஞ்சம் சர்க்கரையும் மிச்சம் இருக்கிறது. இந்த நிலவறையில் படுத்துக்கொண்டுதான் அது கடைசி நொதிப்பை முடிக்கிறது. எப்போது காற்று விட வேண்டும், எவ்வளவு விட வேண்டும், எப்போது தயார் என்பதையெல்லாம் ப்ரூவரிக்காரர் தீர்மானிப்பதில்லை. இதோ, நனைந்த ஏப்ரனோடு நிற்கும் இந்தப் பெண்மணி தீர்மானிக்கிறார். மேலே நாம் குடிக்கும் பியரில் பாதியை அவர்தான் செய்கிறார் என்று நான் எந்த மேடையிலும் சொல்வேன்.

காற்று விடுவதைக் காட்டினார். பீப்பாயின் வயிற்று உச்சியில் ஒரு தக்கை. அதன் நடுவில் மெல்லிய பள்ளம். பென்சில் அளவுக்கு ஒரு மூங்கில் முளையை அதில் நிறுத்தி மரச்சுத்தியால் ஒரே அடி. புஸ்ஸ்! மூங்கிலின் நுண்ணிய துளைகள் வழியாக வெள்ளை நுரை முட்டை முட்டையாகக் கிளம்பி வழிந்தது. துணியால் துடைத்தார், மறுபடி கிளம்பியது. "இது வடக்கே யார்க்‌ஷர்லேர்ந்து வந்த லேண்ட்லார்ட். பொல்லாத பிள்ளை. மத்ததுக்கு ஒரு நாள் போதும், இதுக்கு மூணு நாலு நாள் பொறுக்கணும். பொறுக்காம ஊத்தினா கிளாஸ்ல பாதி நுரைதான்" என்றார். நுரை கிளம்பும் வேகத்தைப் பார்க்கிறார், துடைக்கிறார், எண்ணுகிறார், காதை அருகில் வைத்துக் கேட்கிறார். சத்தம் அடங்கி, துடைத்த நுரை திரும்பி வர நேரமாகிற கட்டம் வந்ததும் மூங்கிலைப் பிடுங்கிவிட்டுக் கடின மரத்தில் செய்த முளையை அடிப்பார். அது காற்றை விடாது. உள்ளே மிச்சமிருக்கும் வாயு பியரோடு கரைந்து தங்கும். அந்த மெல்லிய சுறுசுறுப்புக்காகத்தான் இத்தனையும்.

பிறகு அசையாமல் படுக்க வேண்டும். ஈஸ்ட் அடியில் படியப் பல ப்ரூவரிகள் மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசையைச் சேர்க்கின்றன. ஆமாம், மீன்! பாம்பன் பக்கம் கூறல் மீனின் நெட்டிக்குத் தனி விலை என்று நம் ஊர்ச் செய்திகளில் படித்திருப்பீர்களே, அந்த உறுப்புதான். அது ஈஸ்டைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பீப்பாயின் வயிற்றுக்கு இறங்கிவிடும், மேலே கண்ணாடித் தெளிவு. மீனே வேண்டாம், கொஞ்சம் மங்கலாக இருந்தால் இருக்கட்டும் என்று முடிவுசெய்த புதிய லண்டன் ப்ரூவரிகளும் நிறைய. இந்த நிலவறையில் இரண்டு கட்சியும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தன.

குழாய் அடிப்பதுதான் உச்சம். பீப்பாய் முகப்பின் கீழ்விளிம்பில் சின்ன மரத்தக்கை. அதன்மேல் குழாயின் முனையைப் பொருத்தி, ஒரு கையால் பிடித்து, மறுகையால் சுத்தியை ஓங்கினார். தயங்கி அடித்தால் பியர் மூஞ்சியில் பீய்ச்சும். ஒரே அடி. நச். ஒரு சொட்டு சிந்தவில்லை! நான் கைதட்டிவிட்டேன், அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். கொஞ்சம் கிளாஸில் பிடித்து டார்ச் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார், முகர்ந்தார், ஒரு வாய் குடித்தார். "இன்னைக்கு இல்ல. நாளைக்கு மத்தியானம்" என்று சாக்பீஸை எடுத்தார்.

குழாய் அடித்துப் பியர் எடுக்கத் தொடங்கியதிலிருந்து கெடு ஓடுகிறது. எடுக்கிற ஒவ்வொரு கிளாஸுக்கும் ஈடாக உள்ளே காற்று போகிறது. காற்று பட்டால் முதலில் பியர் கொஞ்சம் விரிந்து மணக்கும், அப்புறம் சோர்ந்து புளிக்கத் தொடங்கும். மூன்று நாள், அவ்வளவுதான். மரத்திலிருந்து இறக்கின கள் காலையில் ஒரு குணம், மாலையில் ஒரு குணம் என்பார்கள் இல்லையா, அதே உயிர்தான் இதுவும். இங்கே குளிரில் கொஞ்சம் மெதுவாக நகர்கிறது.

இப்போது கணக்குப் போடுங்கள். ஒரு பீப்பாயில் 72 பைன்ட். மூன்று நாள். அப்படியானால் ஒரு பம்புக்கு நாளொன்றுக்கு 24 பைன்ட் போயாக வேண்டும். இந்தக் கடையில் நான்கு கைப்பம்பு, எல்லாம் முழுப் பீப்பாய் என்றால் நாளொன்றுக்கு 96. கூட்டம் வராத கடையில் எவ்வளவு பெரிய கைகாரர் நிலவறையில் இருந்தாலும் பியர் நன்றாக இருக்க முடியாது! மேலே ஜன்னலோரம் நாவல் படிக்கும் பெண், பந்தயக் கிழவர், ஹெல்மெட் டிசைனர்கள் எல்லாரும் சேர்ந்து குடிக்கும் வேகம்தான் எனக்கு வரும் கிளாஸைப் புதிதாக வைத்திருக்கிறது. பியரை ஒரு பக்கமும் கடையின் களையை இன்னொரு பக்கமும் வைத்து மார்க் போடும் பழக்கம் எனக்கு இருந்தது. இந்தக் கணக்கைப் போட்ட பிறகு அதை விட்டேன். இரண்டும் ஒன்றுதான். பன்னிரண்டு பம்பு வைத்துக்கொண்டு நாலு பேர் உட்கார்ந்திருக்கும் கடையைக் கண்டால் இனி தாண்டிப் போய்விடுவேன். இவர்களிடம் மெதுவாகப் போகும் கறுப்புப் பியருக்குப் பாதிப் பீப்பாய்தான், 36 பைன்ட். அதைப் பார்த்தவுடனேயே இந்தக் கடையை முழுசாக நம்பிவிட்டேன்.

மேலே வந்தோம். கீழே பார்த்த குழாய்களெல்லாம் ஒன்றாகக் கட்டி, குளிர்நீர் ஓடும் உறைக்குள் சுற்றி மேலே ஏறுகின்றன. அந்தத் தடித்த கட்டுக்குப் பைத்தான் என்று பெயர். வாரம் ஒருமுறை அத்தனை குழாயையும் மருந்து விட்டுக் கழுவுகிறார்கள். தினமும் கடை திறக்கும்முன், ராத்திரி குழாயிலேயே தங்கிப்போன பியரை இழுத்துக் கொட்டிவிடுகிறார்கள். மனசு பதறியது, ஆனால் அதுதான் சரி.

கைப்பம்பு நெம்புகோலை இழுத்தால் சிலிண்டர் நிலவறையிலிருந்து பியரை உறிஞ்சி எடுக்கிறது. வாயு தள்ளுவதில்லை, மின்சாரம் தேவையில்லை, தோள்பட்டை போதும். ஜோசப் பிராமா இதற்கு 1797இல் காப்புரிமை வாங்கினார்; ஹைட்ராலிக் பிரஸ்ஸைத் தந்தவரும் அவர்தான். என்னையும் ஒருமுறை இழுக்க விட்டார்கள். அடடா, அந்தக் கனம்! நெம்புகோல் முதலில் முரண்டு பிடித்து, பிறகு நெய்யில் வழுக்கும் சுகத்தோடு வந்தது. கிளாஸில் பழுப்பாக, குழம்பிக்கொண்டு ஏறி, அடியிலிருந்து மெல்ல மெல்லத் தெளிந்தது. அந்தத் தெளிவைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன், பின்னால் நாலு பேர் காத்திருந்தார்கள்.

பம்பின் மூக்கில் சல்லடைத் துளை போட்ட ஒரு சின்ன மூடி மாட்டலாம். மாட்டினால் பியர் அழுத்தத்தோடு பீய்ச்சி, மேலே கெட்டியான க்ரீம் நுரை நிற்கும். வடக்கு இங்கிலாந்தில் அது இல்லாவிட்டால் கிளாஸைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். லண்டனிலோ இருந்தால் முகம் சுளிப்பார்கள். நம் நிலவறைப் பொறுப்பாளர் லீட்ஸ்காரர், அதாவது வடக்கத்தியவர். லேண்ட்லார்டுக்கு மட்டும் அந்த மூடியை மாட்டியே தீருவேன் என்று நிற்கிறார். பந்தயக் கிழவருக்கு அது பிடிக்கவில்லை. "நுரைக்கு எதுக்கு காசு?" என்றார் அவர். "நுரைதான் தாத்தா ருசி" என்றார் இவர். பைன்ட் என்றால் 568 மில்லி, குறைந்தால் நிரப்பிக் கொடு என்று கேட்கலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கிழவர் கேட்டார். இவரும் சிரித்துக்கொண்டே நிரப்பிக் கொடுத்தார். இந்தச் சண்டை தினமும் நடக்குமாம். நான் வடக்குக் கட்சி, லேண்ட்லார்டைப் பொறுத்தவரை.

ருசிக்கு வருகிறேன். முதலில் சசெக்ஸ் பெஸ்ட். லூயிஸ் என்ற சின்ன ஊரில் 1790 முதல் இருக்கும் ஹார்வீஸ் ப்ரூவரியின் பியர், 4 சதவீதம். 1957இல் வந்த ஈஸ்டையே ஒவ்வொரு காய்ச்சலிலும் எடுத்து எடுத்து அடுத்ததற்குப் போட்டு இன்றுவரை காப்பாற்றி வருகிறார்கள். செம்பு நிறம். முதல் வாயில் பெரிதாக ஒன்றும் சொல்லாது. கேரமல் இனிப்பு லேசாக வந்து, பின்னாலேயே ஹாப்ஸ் பூவின் மண்வாசனைக் கசப்பு. விழுங்கின பிறகு நாக்கின் ஓரங்களில் ஒரு வறட்சி. அந்த வறட்சிதான் அடுத்த வாயைக் கூப்பிடுகிறது. அன்று அந்தப் பீப்பாய்க்கு இரண்டாம் நாள், சரியான நாள். பாதி கிளாஸுக்கு மேல்தான் இது எவ்வளவு பெரிய பியர் என்று உறைத்தது. அன்று குடித்ததில் இதற்குத்தான் முதல் இடம், தயக்கமே இல்லை.

லேண்ட்லார்ட், டிமதி டெய்லர் ப்ரூவரி, கீத்லி. 4.3 சதவீதம். கீழே காற்று விட்டது தயாராக இன்னும் மூன்று நாலு நாள் ஆகும்; மேலே ஓடிக்கொண்டிருந்தது அதற்கு முந்தைய பீப்பாய். க்ரீம் நுரையைத் தாண்டியதும் தேன், ஆரஞ்சுத் தோல், பிறகு கறாரான கசப்பு. நிலவறையில் அதன் முரண்டைப் பார்த்துவிட்டு மேலே குடிக்கும்போது ஒரு மரியாதை வருகிறது. மூன்றாவது ஃபைவ் பாயின்ட்ஸ் பெஸ்ட், 4.1. 2013 முதல் ஹாக்னியிலேயே பியர் காய்ச்சும் ப்ரூவரி. பிஸ்கட் வாசனை, உருண்டையான உடம்பு, அடக்கமான கசப்பு. உள்ளூர்ப் பியரை உள்ளூர் முக்கில் நின்று குடிப்பதில் ஒரு தனி உற்சாகம், அதை நான் மறைக்கப் போவதில்லை. நான்காவது கறுப்பு, அது அன்றைக்குத் தீர்ந்துவிட்டது. தீர்ந்தால் பம்பில் மாட்டியிருக்கும் பெயர்ப்பட்டையைப் பின்புறமாகத் திருப்பிவிடுவார்கள். அதைப் பார்த்தால் கேட்காதீர்கள், அவ்வளவுதான்.

எல்லாமே 12 டிகிரியில் வருகின்றன. நம் ஊரில் பாட்டில்மேல் பனி படர்ந்திருந்தால்தான் பியர். நாற்பது டிகிரி வெயிலுக்கு அது நியாயமும்கூட. ஆனால் அவ்வளவு குளிரில் நாக்கு மரத்துப்போய்விடும். மேலே சொன்ன தேனும் மண்வாசனையும் ஆரஞ்சுத் தோலும் எழுந்து வர இந்த 12 வேண்டும். வெதுவெதுப்பான பியர் என்று இங்கிலாந்தைக் கேலி செய்கிறவர்களை இந்த நிலவறையில் அரைமணி நேரம் நிற்க வைக்க ஆசை. பல் கிட்டிப்போகும்.

சுவரில் பதித்த பளபளப்பான குழாய்களில் கெக் பியர் வரிசையும் உண்டு. பழரசம் போட்டது, மங்கலானது, 8 சதவீதத்தில் ஒன்று. இரண்டு நன்றாக இருந்தன. மிச்சமெல்லாம் ஒரே மாம்பழ வாசனை. எது எதுவென்று பிரிக்க முடியவில்லை. வரிசையில் பாதியைக் குறைத்தால் கடை இன்னும் நன்றாக இருக்கும்.

அதைவிட ஃபிரிட்ஜைப் பாருங்கள். பழுப்புக் காகித லேபிள் ஒட்டின பாட்டில்கள். தெற்கே பெர்மண்ட்ஸியில், ரயில் பாலத்து வளைவுக்குக் கீழே 2009இல் ஆரம்பித்த தி கெர்னல் ப்ரூவரி. அவர்கள் காய்ச்சும் ஒரு கறுப்புப் பியரின் பெயர் எக்ஸ்போர்ட் இந்தியா போர்ட்டர். அந்த இந்தியா நாம்தான்! ஹாக்னிக்குப் பக்கத்திலேயே இருக்கும் போ என்ற இடத்தில் 1752இல் ஹாட்ஜ்சன் என்பவர் ப்ரூவரி நடத்தத் தொடங்கினார். கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் நின்ற பிளாக்வால் அங்கிருந்து கூப்பிடு தூரம். கப்பல் கேப்டன்கள் சொந்த வியாபாரத்துக்கு அவரிடம் பீப்பாய்கள் வாங்கி ஏற்றி, ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு மாதக்கணக்கில் பயணப்பட்டு, மதராஸிலும் கல்கத்தாவிலும் இறக்கி விற்றார்கள். ஹாப்ஸ் கூடுதலாகப் போட்ட பியர் கெடாமல் வந்தது. கடல் ஆட்டத்திலும் வெப்பத்திலும் முதிர்ந்து இன்னும் நன்றாகிவிட்டது. இன்று உலகம் முழுக்க ஐ.பி.ஏ., அதாவது இந்தியா பேல் ஏல், என்று குடிக்கிறார்களே, அதன் முன்னோர் அந்தப் பியர்தான். ஹாட்ஜ்சன்தான் அதைக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை சுற்றுகிறது, அது சரியில்லை. அவருக்கு முன்பே ஹாப்ஸ் மிகுந்த பியர்கள் இருந்தன. கதையில் இன்னொன்றும் விட்டுப்போகும். அதிகாரிகள் வெளிர்நிறப் பியர் குடித்தார்கள், சிப்பாய்களாக வந்த வெள்ளைக்காரர்களுக்கோ கறுப்புப் போர்ட்டர். புனித ஜார்ஜ் கோட்டைக்குள் அந்தக் கறுப்புப் பீப்பாயைத் திறந்த நாளை நினைத்துக்கொண்டு இந்தப் பாட்டிலைத் திறந்தேன். வறுத்த பார்லி, கருஞ்சாக்லேட், நடுவே ஹாப்ஸின் பச்சை வாசனை. கனமாக இருந்தும் அலுக்காத கறுப்பு.

கடையின் களையைப் பற்றி இன்னும் கொஞ்சம். யாரும் மேசைக்கு வந்து ஆர்டர் எடுக்க மாட்டார்கள், எழுந்து பாருக்குப் போக வேண்டும். அங்கே வரிசை இல்லை, ஆனால் யாருக்குப் பிறகு யார் என்று எல்லாருக்கும் தெரியும். "இவருக்கு முதல்ல குடுங்க, எனக்கு முன்னாடி வந்தவர்" என்று முன்பின் தெரியாத ஒருவர் என்னைக் காட்டிச் சொன்னார். கூட வந்தவர்களுக்கு முறைவைத்து ஒவ்வொருவராக வாங்கித் தருவது வழக்கம், தன் முறையை நழுவ விடுகிறவருக்கு மரியாதை போய்விடும். கால்பங்கு கிளாஸில் ருசி கேட்டால் சிரித்த முகமாக ஊற்றுகிறார்கள். 2007 ஜூலையிலிருந்து உள்ளே புகை கிடையாது என்பதால் குழந்தைகளைக் கூட்டி வருகிறார்கள். தமிழ்நாட்டில் மதுக்கடை இருக்கும் தெருவைப் பெண்கள் சுற்றிக்கொண்டு போகிறார்கள். இங்கே ஒரு பாட்டி, தனியாக, கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு அரை பைன்ட்டோடு குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது. குடிக்கிற இடம் தெருவுக்குச் சொந்தமான ஒரு கூடம் என்று ஆகிவிட்டால் குடிக்கிற விதமும் மாறுகிறது.

இந்தப் பியரே அழிந்துபோயிருக்க வேண்டியது. அறுபதுகளில் பெரிய கம்பெனிகள் பப்புகளை வளைத்துப் போட்டு, வாயு ஏற்றிய கெக் பியரைத் தள்ளிக்கொண்டிருந்தன. 1971இல் நான்கு இளைஞர்கள் பீப்பாய் ஏலைக் காப்பாற்ற காம்ரா என்ற இயக்கத்தை ஆரம்பித்தார்கள். குடிக்கிறவர்கள் சங்கம் கட்டி ஒரு தொழில்கலையை மீட்ட கதை அது. 2002இல் சின்ன ப்ரூவரிகளுக்கு வரிச்சலுகை வந்ததும் ரயில் வளைவுக்கு ஒன்றாக முளைத்தன. இருந்தும் பப்புகள் மூடிக்கொண்டேதான் இருக்கின்றன. வாடகை, மின்கட்டணம், வீட்டிலேயே மலிவாகக் கிடைக்கும் டின் எல்லாம் காரணம். ஒரு முக்குக் கடை மூடினால் கூடவே ஒரு நிலவறையும் அந்தக் கைவேலையும் போகிறது. லீட்ஸ்காரர் அந்தச் சுத்தியை யாரிடமிருந்தோ வாங்கினார். இப்போது மேலே பாரில் நிற்கும் இருபது வயதுப் பையனுக்குச் சொல்லிக் கொடுக்கிறார். போன வாரம் அவன் அடித்த அடியில் பியர் கூரையைத் தொட்டதாம். "இன்னும் நாலு பீப்பாய், சரியாயிடுவான்" என்றார், பெருமையாக.

குறை இல்லாமல் இல்லை. முக்கு ஜன்னல் மேசைதான் கடையிலேயே சிறந்த இடம், அதற்கு நேர்மேலே ஸ்பீக்கர். எட்டு மணிக்கு மேல் அங்கே பேச முடியாது. சாப்பாட்டில் சின்னத் தட்டுக்குப் பெரிய விலை. மாட்டிறைச்சிப் பை மட்டும் காசுக்குத் தகும், மேல்மாவு மொறுமொறுவென்று உதிர்கிறது. பைன்ட் ஆறு பவுண்டைத் தாண்டுகிறது, லண்டனில் இன்று அது வழக்கமான விலைதான் என்றாலும் இரண்டு கிளாஸுக்கு மேல் யோசிக்க வைக்கும். பந்தயக் கிழவர் பாதிப் பைன்ட்டாக வாங்கிக் குடிக்கிறார். அவருக்கும் கட்டுப்படியாகும்படி ஒரு பியருக்காவது விலையைக் குறைத்து வைக்க வேண்டும் என்று கடைக்காரரிடம் நேராகவே சொன்னேன்.

போகிறவர்கள் வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்குப் போங்கள். வாரக்கடைசிக்கென்று அடித்த பீப்பாய்கள் அன்றைக்குப் பதத்தில் இருக்கும், கூட்டமும் இடிக்காது. தேய்ந்த பலகைப் பக்கமாக நில்லுங்கள், பாருக்கு அதுதான் கிட்டம். எது நல்லா இருக்கும் என்று கேட்காதீர்கள். எதை எப்போது குழாய் அடித்தீர்கள் என்று கேளுங்கள். பாரில் நிற்பவர் முகம் மலர்ந்து கீழே குனிந்து கூப்பிடுவார், தரைக் கதவு திறக்கும், பதில் நிலவறையிலிருந்தே வரும்.